வாட்டர் சர்வீஸும் வெப்சைட்டும்

ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது எங்கள் மலை தாங்காத கூட்டம் வரும். செம்மேட்டில் மலர்க் கண்காட்சி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை என்று பார்க்க வருகிறவர்கள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே வரவேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு இருபதாவது வளைவிலேயே தலை சுற்றும். முப்பதுக்கு மேல் போனால் பின் சீட்டில் இருக்கும் குழந்தைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய் எதுவும் எல்லாருக்கும் கேட்பதில்லை. மழை பெய்திருந்தால் செம்மண் வேறு கதவு வரை அப்பிக்கொள்ளும். திரும்பி இறங்கும்போது அந்தக் கார்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அந்தக் கார்களுக்காகவே அடிவாரத்துச் சாலையில் ஒரு கடை இருக்கிறது. என் தம்பியின் கடை. இருபது வருடங்களுக்கு மேலாக லாரி, டிராக்டர், கார் எல்லாவற்றுக்கும் தண்ணீர் அடித்துக் கொடுத்தான். சுவரில் பெயின்ட்டால் 'வாட்டர் சர்வீஸ்' என்று எழுதி, கீழே போன் நம்பர். விளம்பரம் என்று அவன் செய்தது அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கு முட்டி வலி வந்ததும் மகன் கடையை எடுத்துக்கொண்டான். பையன் கோயம்புத்தூரில் இந்த வேலையை முறையாகக் கற்றவன். கடன் வாங்கி மெஷின்கள் போட்டான். கடைப் பெயரை 'கார் டீடெய்லிங் ஸ்டுடியோ' என்று மாற்றினான். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வெப்சைட்டும் செய்துகொண்டான்.

இந்த ஆடிக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒருநாள் மேலே வந்தான். முகம் வாடியிருந்தது.

"பெரியப்பா, வெப்சைட் வெச்சு எட்டு மாசம் ஆச்சுங்க. அதைப் பார்த்துட்டு ஒரு போன்கூட வரலீங்க. ஆடிக்குக்கூட வரலீங்க."

"எங்கே, அதைக் காட்டு கண்ணு" என்றேன்.

என் வீட்டில் சிக்னல் சுமார்தான். பக்கம் திறப்பதற்குள் காபி குடித்து முடித்துவிட்டேன். முதலில் ஒரு கறுப்புக் கார் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நம் நாட்டு வண்டியே அல்ல. அதன் மேல் முழுமைக்கே புது இலக்கணம் எழுதுகிறோம் என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியம். அது போய் இன்னொரு கார், இன்னொரு வாக்கியம். கீழே போனால் எங்கள் தொலைநோக்கு, எங்கள் லட்சியம். கடை எந்த ஊரில் இருக்கிறது என்று தேடினேன். அடியில் பொடி எழுத்தில் மாவட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. போன் நம்பர் படத்துக்குள் இருந்ததால் தொட்டால் அழைப்பு போகவில்லை. 'தொடர்புகொள்ள' என்ற இடத்தில் பெயர், இமெயில், விஷயம் எழுதி அனுப்பச் சொல்லி ஒரு படிவம். பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுத்து, வண்டி முழுக்க நாற்றம் அடிக்கும்போது, எந்தத் தகப்பன் படிவம் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

நான் தபால் துறையில் இருந்தவன். முகவரி சரியில்லாத கடிதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு அழகான உறையாக இருந்தாலும், போகும் இடமும் தெரியாமல், அனுப்பியவர் யார் என்றும் தெரியாமல் இருந்தால் அது ரிட்டர்ன் லெட்டர் ஆபீசுக்குத்தான் போகும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்து குழப்பம் வந்ததால்தான் 1972 ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்க பின்கோடு கொண்டுவந்தார்கள். தம்பி மகனின் வெப்சைட்டைப் பார்த்ததும் எனக்கு முகவரி எழுதாத சரிகை உறைதான் நினைவுக்கு வந்தது.

வெப்சைட் கல்யாணப் பத்திரிகை அல்ல, அது கடைப் பலகை. இதுதான் நான் சொல்ல வந்தது. சிறு கடைக்காரர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குச் செய்வதுபோல் தமக்கும் செய்யச் சொல்கிறார்கள். பெரிய கம்பெனியின் பெயர் ஊருக்கே தெரியும், அதனால் அவர்கள் படம் காட்டிக்கொண்டிருக்கலாம். அடிவாரத்துக் கடையை யாருக்குத் தெரியும்?

இதைக் கற்றுக்கொள்ள நாமக்கல்காரன் வெளியே எங்கும் போகவேண்டாம். நம் ஊரில் பாடி கட்டும் லாரியைப் பாருங்கள். பெயின்டர் அதில் தாமரை, மயில், சாமி படம் எல்லாம் வரைவார். ஆனால் உரிமையாளர் பெயர், ஊர், போன் நம்பர், வண்டி எடை, ஏற்றக்கூடிய எடை ஆகியவற்றின் மேல் ஒரு இதழைக்கூட வரைய மாட்டார். பஞ்சாபில் ஒரு தாபா வாசலில் அந்த லாரி நின்றாலும், இது யாருடைய வண்டி, எந்த ஊர், யாருக்குப் போன் செய்வது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அலங்காரம் இருக்கட்டும், விவரத்தை மறைக்காமல் இருக்கட்டும்.

பையனுக்கு உதவப் போய் நானும் முதலில் தப்புத்தான் செய்தேன். செம்மேட்டில் குதிரை மேல் இருக்கும் ஓரி சிலையின் படத்தை முகப்பில் போடச் சொன்னேன். "பெரியப்பா, ஓரி வந்து காரைக் கழுவுவாருங்களா?" என்று சிரித்தான். அவன் சொன்னது சரி. ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு ஒன்று தோன்றியது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அதுபோல் முதல் பக்கத்திலேயே, விரலால் தள்ளாமலே, ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்கவேண்டும். என்ன வேலை, எங்கே, எப்போது, எவ்வளவு, யார். ஒரு பழைய டைரியில் இந்த ஐந்தையும் எழுதிவைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

முதலில் என்ன வேலை என்று பார்த்தோம். 'டீடெய்லிங்' என்ற சொல் சென்னை, பெங்களூர் ஆட்களுக்குத் தெரியலாம். நம் பக்கத்து டிரைவர் போனை எடுத்து "பக்கத்துல வாட்டர் சர்வீஸ் எங்க இருக்கு" என்றுதான் கேட்கிறார். அந்தச் சொல் அவன் பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. தன் அப்பா இருபது வருடம் சம்பாதித்த சொல்லை இவனே துடைத்துவிட்டிருந்தான். "ரெண்டையும் போடு. ஸ்டுடியோவும் இருக்கட்டும், வாட்டர் சர்வீஸும் இருக்கட்டும்" என்றேன். வேலைகளின் பட்டியலையும் மெஷின் பெயர்களை வைத்து எழுதாமல், வருகிறவரின் தொல்லையை வைத்து எழுதச் சொன்னேன். சீட்டில் வாந்திக் கறை, நாற்றம். அடிப்பாகத்தில் செம்மண். சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தியதில் விழுந்த பறவை எச்சம். இப்படி.

செய்யாத வேலையையும் சொல்லவேண்டும். மலை இறங்கி வருகிறவர்களில் பலர் பிரேக் கருகின வாசனையோடு வந்து நிற்கிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்காமல், டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அப்படித்தான் ஆகும். அது மெக்கானிக் பார்க்கவேண்டியது. இவனுக்கு அதில் வேலையில்லை. அது மட்டுமல்ல, அப்படிச் சூடேறிய டிஸ்க்கில் உடனே பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால் டிஸ்க் கோணிக்கொள்ளக்கூடும். என் தம்பி எந்த வண்டி வந்தாலும் முதலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்து, சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வரச் சொல்லுவான். "இதை எழுது. உங்கப்பனுக்குத் தெரிஞ்ச இந்த ஒரு விஷயம் அந்த இடதுபக்க ஸ்டியரிங் கார் பத்துக்குச் சமம்" என்றேன்.

அடுத்தது எங்கே. மலைக்கு காரவள்ளி வழியும் உண்டு, முள்ளுக்குறிச்சி வழியும் உண்டு. ஒரு வழியில் இறங்கியபின் இன்னொரு பக்கத்துக் கடையைக் காட்டினால் யார் சுற்றிக்கொண்டு வருவார்கள்? எந்தச் சாலை, எந்தப் பக்கம், எதற்கு எதிரில் என்று எழுதவேண்டும். கூகுள் வரைபடத்தில் பார்த்தால் இவன் கடையின் புள்ளி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. 2014ல் 'கூகுள் மை பிசினஸ்' என்று வந்து, 2021ல் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர் மாறிய வசதி ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது. கடைக்காரரே இடம், நேரம், நம்பர், போட்டோ எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம். முப்பத்தைந்தாயிரம் வாங்கியவர் காசில்லாத இந்த வேலையைச் செய்யவே இல்லை.

எப்போது என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும்? வெளியே கழுவுவது சீக்கிரம் முடிந்துவிடும். சீட்டுக்குள் நுரை விட்டு உறிஞ்சி எடுத்தால் அது காய்வதற்கு அரை நாள் வேண்டும். இரவுக்குள் பெங்களூர் போய்ச் சேரவேண்டியவருக்கு இது முதலிலேயே தெரியவேண்டும். தெரிந்தால் அவசரத்துக்கு நாற்றம் போகிற அளவு மட்டும் செய்துகொண்டு கிளம்புவார்.

எவ்வளவு என்ற இடத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். "ரேட்டைப் போட்டா பக்கத்துக் கடைக்காரர் பத்து ரூபா குறைச்சுப் போட்டுருவாருங்க" என்றான். அவன் பயம் நியாயமானதுதான். ஆனால் பக்கத்துக் கடைக்காரருக்கு இவன் ரேட் ஏற்கெனவே தெரியும்; நம் ஊரில் அதெல்லாம் ரகசியமாக நிற்காது. தெரியாமல் இருப்பது வழிப்போக்கருக்குத்தான். விலை போடாத கடையில் வெளியூர்க்காரர் என்றால் கூடுதலாகக் கேட்பார்கள் என்று அவர் நினைப்பார், வண்டியை நிறுத்தவே மாட்டார். தபால் ஆபீசில் ஸ்டாம்ப் விலையைப் பலகையில் எழுதிவைத்திருந்ததால்தான் கவுன்டரில் சண்டை இல்லாமல் இருந்தது. சின்ன கார், பெரிய கார் என்று பிரித்து, வரி சேர்த்தா சேர்க்காமலா என்றும் சொல்லி, கறையைப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்கிற வேலைக்கு 'இவ்வளவிலிருந்து' என்றாவது போடு என்றேன். அரை மனதாக ஒத்துக்கொண்டான்.

யார் என்பது சுலபம். அவனும் அவன் அப்பாவும் கடை முன் நிற்கிற ஒரு போட்டோ. தொட்டால் அழைப்பு போகிற நம்பர். வாட்ஸ்அப்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இன்னொன்று இருந்தது.

செராமிக் கோட்டிங் பற்றிய பக்கத்தில் '9ஹெச் வைரக் கடினம், கீறலே விழாது' என்று போட்டிருந்தார்கள். சப்ளையர் கொடுத்த வாசகத்தை வெப்சைட்காரர் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். 9ஹெச் என்பது பென்சில் கணக்கு. நாம் பள்ளியில் ஹெச்பி, 2ஹெச் என்று வாங்கினோமே, அதே வரிசைதான். அதில் கடைசிக் கடினமான பென்சிலால் கோடு போட்டாலும் அந்தப் படலம் கீறாது என்பதுதான் பொருள். வைரத்துக்கு 10 என்று சொல்வது கனிமங்களுக்கான மோஸ் அளவுகோல். அது வேறு, இது வேறு. செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான். சிலிக்கா சார்ந்த திரவத்தை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் கல் தெறித்தால் கீறத்தான் செய்யும், முள் செடி உரசினாலும் கீறும்.

சேலத்திலிருந்து வந்த ஒருவர் இதை நம்பிப் பணம் கொடுத்துப் பூசிக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதத்தில் கதவில் கீறலோடு வந்து, போனில் அந்த வாசகத்தைத் திறந்து காட்டி, கடை வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். கீறல் எப்படி விழுந்தது என்பதெல்லாம் அப்போது யாருக்கும் காதில் ஏறாது. என் தம்பி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தானாம். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்று தம்பி மனைவி பிறகு எனக்குச் சொன்னாள். இருபது வருடத்தில் அவன் கடை வாசலில் ஒருவரும் 'ஏமாற்றிவிட்டாய்' என்று சொன்னதில்லை.

நான் பையனைத் திட்டவில்லை. "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க பெரியப்பா" என்றான். உண்மைதான், எல்லாரும் போடுகிறார்கள். ஆனால் பொருளைப் பற்றித் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் கிடையாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாயால் சொன்ன பொய் காற்றோடு போய்விடலாம். வெப்சைட்டில் எழுதியது ராத்திரி பகலாக நம் பெயரில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் யாரோ ஒருவருக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்து அதைக் காப்பாற்றவேண்டியவர்கள் நாம்.

'வாடிக்கையாளர் கருத்து' என்ற தலைப்பில் ஆறு பேர் புகழ்ந்திருந்தார்கள். ஆறு பேரையும் அவனுக்கே யாரென்று தெரியவில்லை! வெப்சைட் செய்தவரே எழுதிக்கொண்டது. இணையத்தில் வரும் வாடிக்கையாளர் கருத்துகளை எப்படி வாங்கவேண்டும், எப்படி வெளியிடவேண்டும் என்பதற்கு நம் பி.ஐ.எஸ். 2022ல் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலையே வெளியிட்டது. பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கிய தலைமுறை நாம். கருத்துக்கும் தரநிலை வேண்டியிருக்கிறது என்றால் பொய் எவ்வளவு பெருகியிருக்கவேண்டும்! ஆறையும் எடுக்கச் சொன்னேன். நிஜமான இரண்டு பேர் நாலு வரி எழுதினால் போதும். அதில் ஒருவர் குறை சொல்லியிருந்தாலும் இருக்கட்டும், அதற்கு மரியாதையாகப் பதில் எழுதினால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும். வெளிநாட்டுக் கார்களையும் எடுத்துவிட்டு, கடையில் கழுவிய வண்டிகளின் முன், பின் படங்களை நம்பர் பிளேட்டை மறைத்துச் சின்ன அளவில் போடவேண்டும். படம் சின்னதாக இருந்தால்தான் மலை மேல் சிக்னலில் பக்கம் திறக்கும். 1991ல் வந்த உலகின் முதல் இணையப் பக்கத்தில் வெறும் எழுத்துதான் இருந்தது, அதுவும் வேலை செய்தது.

எழுத்து தமிழில் இருக்கட்டும் என்றேன். "தமிழ்ல போட்டா தரம் குறைஞ்சு தெரியுங்களா?" என்று கேட்டான். 1995லேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி பாடுபட்டு இணையத்தில் தமிழை ஏற்றினார். 1999ல் சென்னையில் மாநாடு கூட்டி தமிழ்99 விசைப்பலகைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அவ்வளவு பேர் உழைத்தது நம் அடிவாரத்துக் கடையும் தமிழில் எழுதிக்கொள்ளத்தான். மேலே தமிழ், கீழே ஆங்கிலம் என்று முடிவானது. பெங்களூர்க்காரருக்கும் படிக்கவேண்டுமே.

கடைசியாக ஒன்று கேட்டேன். "இந்த வெப்சைட் பேரு யார் பேர்ல பதிவாகியிருக்கு?" அவனுக்குத் தெரியவில்லை. விசாரித்தால் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டும் அவரிடமே. வருடா வருடம் அவர் கேட்கிற பணத்தைக் கட்டினால்தான் உண்டு. நிலம் வாங்கி, வீடு கட்டி, பட்டாவைக் கொத்தனார் பெயரில் விட்டுவைத்த கதை. மூன்று வாரம் நடையாய் நடந்து மாற்றிக்கொண்டான். கணக்குத் தெரியாத காலத்தில் நம்மவர்கள் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தார்கள். படித்த பிள்ளைகள் இப்போது இந்த வகையில் ஏமாறுகிறார்கள்.

என் தம்பிக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. "தண்ணி நல்லா அடிச்சா வண்டி தானா வரும்" என்கிறான். உள்ளூர் வண்டிக்கு அது சரி. சேந்தமங்கலம் டிரைவர் ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். ஆனால் ஊருக்கு முதல்முறை வந்து, யாரையும் தெரியாமல் போகிறவருக்கு யார் சொல்வது? அவர் கையில் இருப்பது போன் ஒன்றுதான். அதற்குள்ளும் நம் கடைச் சுவர் ஒன்று இருக்கவேண்டும். வேலை சுத்தமாக இல்லாவிட்டால் எந்தச் சுவராலும் பயனில்லை என்பதில் நாங்கள் மூவரும் ஒன்றுதான்.

பக்கம் மாறி ஒரு மாதம் ஆகிறது. போன்கள் கொட்டவில்லை. இதுவரை ஏழெட்டு வந்திருக்கின்றன. கடன் அப்படியே இருக்கிறது. முதலில் பேசியவர் ஐம்பதாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிட்டாராம். "குழந்தை வாந்தி எடுத்துட்டுதுங்க, நாங்க இறங்கி வர்ற வரைக்கும் கடை இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்குங்க, மெதுவா கியர்ல இறங்கி வாங்க" என்று பதில் சொன்னது என் தம்பி. வந்ததும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் தண்ணீர் அடிக்க விட்டானாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கடை வைத்திருந்தால், இன்று சாயங்காலம் அவர்கள் வெப்சைட்டை உங்கள் போனில் திறந்து பாருங்கள். கண்ணாடி போடாமல் பாருங்கள். கடை எந்த ஊர், என்ன வேலை, எத்தனை மணி வரை, எவ்வளவு, யாருக்குப் போன் செய்வது என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 'உங்களுக்கு இதெல்லாம் தெரியாது' என்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.